அயல்வீடும் வாழ்வு நிறைவும்



மாந்தன் நாட்டில் வாழ்கிறான் என்பது ஏட்டு வழக்கு. உண்மையில் அவன் வாழ்வது ஒரு தெருவில். அத்தெருவிலும் ஒரு வீட்டில். விடியலில் கதவைத் திறந்ததும் அவன் கண்ணிற்படுவது அரசும் அன்று, ஆட்சியும் அன்று, எதிர்வீட்டுக் கதவே. அக்கதவுக்குப் பின்னால் வாழ்வோர் பேசும் மொழி எது, அவர் அடுப்பில் வேகும் உணவு எது, அவர் கும்பிடும் தெய்வம் எது என்பனவெல்லாம் இவன் வாழ்வின் நிறைவைக் கூட்டுமா, குறைக்குமா? அண்டை அயலார் தன்னினத்தாராகவே இருப்பின் ஒருவன் மிகுந்த பொந்திகையோடு வாழ்வானா? பன்மொழியாளர் நடுவே வாழின் அவன் உள்ளம் விரியுமா, சுருங்குமா?

இவ்வினாவுக்கு எளிய விடைகள் இரண்டு உண்டு. கலந்து வாழ்வதே உயர்வு, எல்லாரும் ஒன்று என்று கைதட்டி முடிப்பது ஒன்று. அயலான் வந்தான், அமைதி கெட்டது என்று கதவடைப்பது மற்றொன்று. இரண்டும் எண்ணிப் பாராது சொல்லப்படுவன. மொழிநலம் பேசுவோர் இவ்விரண்டாம் விடையைச் சாராதவர் என்பதை முதற்கண் தெளிவாக்கிவிட வேண்டும். தன் தாயைப் பேணுவோன் பிறர் தாயரைப் பழிப்பவன் அல்லன்.

காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பல்வேறு நாடுகளினின்று வந்து பல்வேறு மொழி பேசிய மக்கள் அந்நகரில் கலந்து இனிது வாழ்ந்ததைப் பட்டினப்பாலையில் காட்டுகின்றார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பட்டினத்தின் பெருமையாகவே அதனை அவர் எண்ணினார். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. புகாரில் விருந்தினர் பலர்; இல்லத்தார் தமிழர். அங்காடியின் மொழி தமிழ், அரசின் மொழி தமிழ். அந்நிலையில் பன்மொழியாளர் வருகை தமிழனுக்கு அச்சந் தரவில்லை. தமிழனே விருந்தினனாய், சிறுபான்மையனாய் வாழும் இடத்தில் நிலை என்ன என்பதே இற்றை வினா. அதனை ஆய்ந்து பார்க்கச் சிங்கப்பூரினும் பொருந்திய இடம் வேறில்லை. ஏனெனில், யார் பக்கத்தில் யார் குடியிருக்கலாம் என்பதை அரசே விழுக்காடு வகுத்து வரையறுக்கும் நாடு அது.

அந்நகரின் பிறப்பே பிரித்துவைத்தலில் தொடங்கியது. 1819ஆம் ஆண்டு அங்குக் கால்வைத்த இராபிள்சு, 1822ஆம் ஆண்டு நகரமைப்புத் திட்டம் ஒன்றை வகுக்கச் செய்தார். சீனர்க்கு ஒரு பகுதி, சூலியர் எனப்பட்ட தமிழ் முசுலீம்களுக்கு ஒரு பகுதி, மலாயர்க்கும் புகிசுக்காரர்க்கும் அராபியர்க்கும் கம்போங் கிளாமை ஒட்டி ஒரு பகுதி, வெள்ளையர்க்குத் தனியே நல்லதொரு பகுதி என்று வரைபடத்தில் கோடுகள் கிழிக்கப்பட்டன. வணிகத்துக்கு மக்கள் வேண்டும். ஆனால் அவர்கள் ஒன்றுகூடக் கூடாது. வெள்ளையராட்சியின் கணக்கு எங்கும் இதுவே.

ஆயினும் மக்கள் கோட்டுக்குள் அடங்கிவிடவில்லை. 1827ஆம் ஆண்டு நாராயண பிள்ளை என்னும் தமிழர் தோற்றுவித்த மாரியம்மன் கோயில் இன்றளவும் சீனர் பேட்டையின் நடுவில் நிற்கின்றது. அதற்கு அணித்தே சூலியர் எழுப்பிய சாமே பள்ளிவாசல். கோயிலை ஒட்டிய தெருக்கள் கோயிலின் பேரையும் அதன் கோபுரத்தின் பேரையும் பள்ளிவாசலின் பேரையும் ஏற்று நிற்கின்றன. சீனர் பேட்டையின் தெருக்களுக்குத் தமிழர் கட்டிய கட்டடங்கள் பெயர் தந்தன. தெலுக் ஆயர் தெருவில், நாகூரினின்று சென்றோர் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய தர்காவும், அதன்பின் எழுந்த சீனரின் தியான் ஒக் கெங் கோயிலும் ஒரே வரிசையில் உள்ளன. கடல் கடந்து உயிரோடு கரைசேர்ந்தவர்கள், தத்தம் மொழியில் தத்தம் தெய்வத்துக்கு நன்றி சொல்லக் கட்டியவை அவை. தனித்தனியே கட்டினர், பக்கத்தில் பக்கத்தில் கட்டினர். இவ்விரு சொற்களையும் சேர்த்தே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பிரித்துவைத்த நிலை எப்போதும் அமைதியாய் இருந்துவிடவில்லை. 1964ஆம் ஆண்டு சூலை 21ஆம் நாள், நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாயர்க்கும் சீனர்க்கும் இடையே மூண்ட பூசலில் 23 பேர் மாண்டனர். 454 பேர் காயமுற்றனர். அதே ஆண்டு செப்டம்பரில் மீண்டும் மூண்டதில் 13 பேர் இறந்தனர். 106 பேர் காயமுற்றனர். அரசியலார் ஊதிய நெருப்பு அது என்பது உண்மை. ஆனால் தனித்தனிச் சேரிகளில் வாழ்ந்தோர்க்கு மறுபுறத்தாரின் முகம் தெரியாது, பேர் தெரியாது. முகந்தெரியாதவனைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்பலாம்.

அதன்பின் அந்நாட்டின் குடியிருப்பு முறையே தலைகீழாயிற்று. 1960ஆம் ஆண்டு பிப்பிரவரியில் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (அங்குள்ள தமிழர் சுருக்கி வீவக என்பர்) அத்தாப்புக் குடிசைகளிலும் நெருக்கடிச் சந்துகளிலும் வாழ்ந்தோரை அடுக்குமாடிகளில் குடியேற்றியது. 1961ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் புக்கிட் ஓ சுவீ என்னும் குடிசைப்பகுதி எரிந்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தது அவ்வேலையை விரைவுபடுத்தியது. இன்று அந்நாட்டுக் குடிமக்களிலும் நிலைவாழ்வோரிலும் ஏறத்தாழப் பத்தில் எட்டுப் பேர் வீவக வீடுகளில்தாம் வாழ்கின்றனர்.

புதுவீடு கிடைத்ததும் கலப்பும் தானே வந்தது. ஆனால் வாங்கிய வீட்டை விற்கலாம் என்றானதும் மக்கள் மெல்ல மெல்லத் தம்மவர் பக்கம் நகர்ந்தனர். பிடோக்கிலும் தெம்பனிசிலும் மலாயர், ஔகாங்கில் சீனர், ஈசூனில் இந்தியர் என்று செறிவுகள் தோன்றலாயின. இதனை 1989ஆம் ஆண்டு தொடக்கத்தில் மக்கள் முன் எடுத்துவைத்த அமைச்சர் சு. தனபாலன் அவர்கள் ஒரு தமிழர் என்பது கருதத்தக்கது. அவ்வாண்டு மார்ச்சு முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. ஒரு வட்டாரத்தில் சீனர் 84 விழுக்காட்டுக்கும், மலாயர் 22 விழுக்காட்டுக்கும், இந்தியரும் பிறரும் சேர்ந்து 10 விழுக்காட்டுக்கும் மிகுதல் கூடாது. தனித்த ஓர் அடுக்ககத்தில் அவ்வரம்பு முறையே 87, 25, 13. பின்னர் 2010ஆம் ஆண்டு கடைசிப் பிரிவின் வரம்பு 12 ஆகவும் 15 ஆகவும் உயர்த்தப்பட்டது.

ஒரு குடிமகன் தான் வாங்கும் வீட்டின் பக்கத்தில் யார் இருக்கலாம் என்பதை அரசு அளந்து கொடுப்பது நல்லதா? அதனை அறிய, இத்துறையில் அறிஞர் கண்டவற்றைச் சற்றே காண்போர் பயன்பெறுவர்.

அமெரிக்க ஆர்வர்டுப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் இராபர்ட்டு பட்நம், 2000ஆம் ஆண்டு 41 ஊர்ப்பகுதிகளில் ஏறத்தாழ 30,000 பேரிடம் வினவித் திரட்டிய செய்திகளை ஆய்ந்து 2007ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். இனக்கலப்பு மிகுந்த பகுதிகளில் வாழ்வோர் அயலினத்தாரை மட்டுமன்றித் தம்மினத்தாரையும் குறைவாக நம்பினர். நெருங்கிய நண்பர் அவர்க்குக் குறைவு. மகிழ்ச்சியும் வாழ்க்கை பற்றிய மதிப்பும் குறைவு. தொலைக்காட்சியின் முன் கழியும் பொழுதோ மிகுதி. ஆமை தன் ஓட்டுக்குள் ஒடுங்குவதுபோல் மக்கள் ஒடுங்குகின்றனர் என்றார் அவர். இனப்பகை வளர்கிறது என்று அவர் சொல்லவில்லை. எல்லாரிடமிருந்தும் ஒதுங்குகின்றனர் என்றே சொன்னார். நாளடைவில் பரந்ததொரு பொதுவுணர்வு தோன்றி இவ்வொடுக்கம் நீங்கும் என்றும் அவரே எழுதினார். இக்கட்டுரையின் முற்பாதியை மட்டும் கையிலெடுத்துக்கொண்டு, குடியேறிகளை விரட்டுக என்று கூவினோர் பலர். பிற்பாதி அவர்தம் கண்ணிற்படவில்லை போலும்!

2015ஆம் ஆண்டு மரியா அபசுக்கால், தெலியா பால்தசாரி என்னும் இரு பெண்பாலறிஞர் அதே செய்தித் திரட்டை மீண்டும் ஆய்ந்தனர். கலப்பு மிகுந்த பகுதிகளில் ஏழையர் மிகுதி, அடிக்கடி குடிபெயர்வோர் மிகுதி. நம்பிக்கைக் குறைவுக்குப் பெரும்பாலும் கரணியம் அதுவே என்று காட்டினர். எஞ்சிய குறைவும், வெள்ளையரல்லாதார் நடுவே வாழ நேர்ந்த வெள்ளையரிடத்தே காணப்பட்டது. பிரித்தானியாவை ஆய்ந்த நத்தாலியா இலெட்கி என்பாரும் 2008ஆம் ஆண்டிலேயே அண்டையுறவைக் குலைப்பது வறுமையே என்னும் முடிவுக்கு வந்திருந்தார். ஒழுகும் கூரையின்கீழ், கூலியின்றி வாழ்வோன் தன் பக்கத்து வீட்டானோடு கொஞ்சிக் குலவவில்லை எனின் அதற்கு மொழியையும் நிறத்தையும் பழிப்பானேன்?

ஆயினும் இஃது முழு விடை அன்று. 2020ஆம் ஆண்டு தென்மார்க்கு அறிஞர் தினெசன் முதலானோர் 87 ஆய்வுகளின் 1,001 அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தனர். இனப்பன்மைக்கும் மக்களின் நம்பிக்கைக்கும் எதிர்மறைத் தொடர்பு உண்டு. ஆனால் அது சிறிது. அண்டை அயலார் மீதான நம்பிக்கையில் அது சற்றுக் கூடுதலாய்த் தென்படுகிறது என்பது அவர் கண்ட முடிவு. ஆகவே கலப்பால் இடரே இல்லை என்போரும் தவறினர். எல்லா இடரும் கலப்பால் என்போரும் தவறினர்.

இனி, சிங்கப்பூரையே களனாகக் கொண்ட ஆய்வு ஒன்று. பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மெய்சி ஒங் என்பார் 2013ஆம் ஆண்டு வெளியிட்டது. தொலைப்பேசிப் பெயரேட்டினின்று ஐந்து இலக்கத்துக்கும் மேற்பட்ட பெயர்களை எடுத்து, பெயரைக் கொண்டே இன்னார் இன்ன இனத்தார் என்று பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் யார் எத்துணைப் பேர் என்று கணித்தார். (பெயர் இனங்காட்டும் என்று தமிழறிஞர் காலங்காலமாய்ச் சொல்லிவருவதை ஒரு பொருளியலாய்வு மெய்ப்பித்துக் காட்டியது. அப்பகுப்பில் தமிழர் என்றொரு பிரிவு இல்லை. இந்தியர் என்னும் பெட்டிக்குள் தமிழரும் அடக்கம்.) அவர் கண்ட முடிவு இது: ஒவ்வோர் இனத்தாரும் தம்மவர் சிலர் தம் பக்கத்தில் இருத்தல் வேண்டும் என்று விரும்புகின்றனர். ஆனால் தம்மவர் போதிய அளவு சேர்ந்துவிட்டபின், அடுத்து வருவோர் வேற்றினத்தாராய் இருப்பதையே விரும்புகின்றனர்.

அவையீர்! இம்முடிவை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். மாந்தன் தன்னினத்தாரே சூழ்ந்த கோட்டையை விரும்பவில்லை. தன்னினத்தார் ஒருவருமில்லாத தனிமையையும் விரும்பவில்லை. தன் மொழியில் பேச்சுக்கொடுக்க, தன் வீட்டு நன்மையிலும் இழவிலும் முறையறிந்து வந்து நிற்க, போதிய பேர் வேண்டும். அப்போதிய அளவு கிடைத்துவிட்டால் அவன் கதவு பிறர்க்கும் திறக்கிறது. வேரூன்றிய மரமே கிளை பரப்பும் என்று தமிழர் அறிந்த உண்மையே இது.

ஆனால் அந்தப் ‘போதிய அளவு’ தமிழர்க்குக் கிடைக்கின்றதா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டு மக்களில் சீனர் 74.3 விழுக்காடு, மலாயர் 13.5, இந்தியர் 9.0. இந்தியருள் தமிழர் பாதிக்குச் சற்று மிகுந்தோர் என்று 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக் காட்டியது. நூறு வீடுகள் கொண்ட அடுக்ககம் ஒன்றில், நாட்டு விகிதப்படி பரவியிருப்பின், இந்தியர் வீடுகள் ஒன்பது. தமிழர் வீடுகள் ஐந்து. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் ஐந்து வீடுகள்! அவ்வைந்தில் வீட்டில் தமிழ் பேசுவன எத்தனை? அவற்றுள் ஒத்த அகவைக் குழந்தைகள் உள்ளவை எத்தனை? சீனரை அந்நாடு முழுதும் எப்படிக் கலைத்துப் பரப்பினும் அவர் எங்கும் பெரும்பான்மையரே. சிறுபான்மையரைப் பரப்பினால் அவர் எங்கும் துளியாகின்றனர். ஒரே விதி, பயனோ இரண்டு. பழைய நிலையில் செம்பவாங்குக் கடற்படைத் தளத்தை ஒட்டியும், தஞ்சோங் பகார்த் துறைமுகத்தை ஒட்டியும், சிராங்கூன் சாலையிலும் தமிழர் செறிந்து வாழ்ந்தனர். அச்செறிவில் தமிழ்ப்பள்ளிகளும் படிப்பகங்களும் மன்றங்களும் தழைத்தன. 1935ஆம் ஆண்டு ‘தமிழ் முரசு’ நாளிதழைத் தோற்றுவித்த கோ. சாரங்கபாணி அவர்களின் தொண்டுக்கு நிலைக்களனாய் இருந்தவர்கள் அத்தகு உழைப்பாளி மக்களே. 1971ஆம் ஆண்டு பிரித்தானியப் படை வெளியேறியது, செறிவுகள் கலைந்தன. தமிழ்வழிப் பள்ளிகளுள் எஞ்சி நின்ற உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982ஆம் ஆண்டு மூடப்பட்டது.

இதனைக் கேட்டதும், தமிழ் தேய்ந்ததற்கு அடுக்குமாடிக் கலப்பே கரணியம் என்று முடிவுகட்ட நெஞ்சம் விரையும். விரையலாகாது. 2010ஆம் ஆண்டு வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசியோர் அந்நாட்டு மக்களில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. ஆனால் அதே பத்தாண்டில் சீனர்க்கு நேர்ந்தது என்ன? மாண்டரின் 35.6 விழுக்காட்டினின்று 29.9 ஆயிற்று. சீன வட்டார மொழிகள் 14.3இலிருந்து 8.7 ஆயின. மலாய் 12.2இலிருந்து 9.2 ஆயிற்று. ஏறியது ஒன்றே: ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3 ஆயிற்று. எந்த அடுக்ககத்திலும் முக்காற்பங்கினராய் வாழும் சீனரின் வீட்டிலேயே சீனம் தேய்கின்றது எனின், அயல்வீட்டுக்காரன் மேல் பழிபோடுதல் எங்ஙனம் பொருந்தும்? தமிழன் வீட்டுத் தமிழைப் பக்கத்து வீட்டுச் சீனன் கவரவில்லை. சீனன் வீட்டுச் சீனத்தை எதிர்வீட்டு மலாயன் கவரவில்லை. 1987ஆம் ஆண்டு முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி. தாய்மொழி ஒரு பாடம். அலுவலும் ஆங்கிலம், உயர்வும் ஆங்கிலம். மூன்றினத்தார் வீட்டுக்குள்ளும் ஒரே வாயிலால் நுழைந்தது அது. தமிழ் அங்கு ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று. ‘ஒலி’ வானொலி உண்டு, ‘வசந்தம்’ தொலைக்காட்சி உண்டு, 2007ஆம் ஆண்டு முதல் ஏப்பிரலில் தமிழ்மொழி விழா உண்டு. தமிழுக்கு அந்நாடு அளித்த சிறப்புகள் இவை என்று நன்றியோடு சொல்லலாம். மேடையில் ஏறிய மொழி அடுப்பங்கரையினின்று இறங்கிவருவதையும் சொல்லத்தான் வேண்டும்.

வாழ்வு நிறைவு பற்றிய ஆய்வுகளில் ஒரு பெருங்குறை ஈண்டுப் புலப்படும். வீவக தன் குடியிருப்பாளரிடம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வினவுகின்றது; பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தம் வட்டாரத்தில் பொந்திகையோடு வாழ்வதாகவே விடை வருகின்றது. அரசே கேட்டு அரசே வெளியிடும் கணக்கு என்று அதனை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மின்தூக்கி ஓடுகிறது, தண்ணீர் வருகிறது, நள்ளிரவிலும் பெண்டிர் அச்சமின்றி நடக்கின்றனர். மக்கள் நிறைவோடு இருப்பதில் வியப்பென்ன? ஆனால் நிறைவைக் கேட்போர் தனியொருவனின் இன்றைய நாளைக் கேட்கின்றனர். மொழியின் இழப்போ ஒரு தலைமுறை கழித்துத் தெரிவது. ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். தந்தைக்கு நல்ல வேலை, அவர்க்கு நிறைவு. பேரப்பிள்ளை ஆங்கிலப் பள்ளியில் முதல் மாணவன், அவனுக்கும் நிறைவு. கூடத்தின் மூலையில் தமிழன்றி வேறறியாப் பாட்டி. அவர் கேட்பதற்குப் பேரன் ஆங்கிலத்தில் விடை சொல்கிறான். பாதி விளங்குகிறது, பாதி விளங்கவில்லை. நான்கு மாடி இறங்கினால் தமிழ் பேசும் இன்னொரு மூதாட்டி உண்டு. முழங்கால் வலி இறங்கவிடுவதில்லை. வினாத்தாளோடு வருவோர் குடும்பத் தலைவரை வினவி, நிறைவு என்று குறித்துக்கொண்டு போய்விடுவர்.

கலப்பின் சுமையும் எல்லார் தோளிலும் ஒப்ப ஏறவில்லை. சீனர் வரம்பு நிரம்பிய அடுக்ககத்தில் தமிழர் ஒருவர் தம் வீட்டை விற்க விரும்பினால், சீனர்க்கு விற்றல் இயலாது. வாங்குவோரில் பெரும்பாலார் சீனராய் இருக்க, அவர்களை விலக்கிவிட்டு எஞ்சியோரிடம் விலை பேச வேண்டும். விலை இறங்கும், நாள் நீளும். ஒற்றுமையின் செலவைச் சிறுபான்மையர் பையிலிருந்து எடுப்பது முறையாகாது என்னும் குறை நெடுங்காலம் ஒலித்தது. 2022ஆம் ஆண்டில்தான், அவ்வாறு விற்கவியலாது நெடுநாள் அல்லலுறுவோரின் வீட்டைத் தகுதி கண்டு வீவகவே விலைக்கு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து!

இத்தனைக்கும் பின்னும், ஒரே தாழ்வாரத்தில் வாழ்ந்ததன் நற்பயன் எதுவும் இல்லையென்று சொல்வது பெரும்பிழையாகும். அடுக்ககத்தின் கீழ்த்தளத் திறந்தவெளியில் இந்தக் கிழமை மலாயர் திருமணம். அடுத்த கிழமை அதே இடத்தில் சீனர் இறப்புச் சடங்கு. உணவங்காடியில் ஒரே மேசையில் தோசையும் சோற்றுக்கோழியும் நாசி லெமாவும். 2011ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் ஒரு நாளிதழ்ச் செய்தி அந்நாட்டையே கிளர்ந்தெழச் செய்தது. சீனாவிலிருந்து புதிதாய்க் குடியேறிய குடும்பம் ஒன்று, பக்கத்து இந்தியர் வீட்டுக் கறிமணம் பொறுக்கவில்லை என்று முறையிட்டதாம். இணக்க மன்றத்தின் நடுவாண்மையில், சீனர் வீட்டார் இல்லாத பொழுது மட்டுமே கறி சமைப்பதென்று இந்தியர் குடும்பம் ஒத்துக்கொண்டதாம். சீனர் குடும்பமும் கறியைச் சுவைத்துப் பார்க்க இசைந்ததாம். இதனைக் கேட்டு வெகுண்டோர் இந்தியர் மட்டும் அல்லர். சிங்கப்பூர்ச் சீனரும் மலாயரும் ஒருங்கே எழுந்து, ஆகத்து 21ஆம் நாள் வீடுதோறும் கறி சமைப்போம் என்றனர், பல்லாயிரவர் சேர்ந்தனர். ஆங்கிலமும் சீனமும் மலாயும் பேசும் மக்கள், ‘கறி’ என்னும் தூய தமிழ்ச்சொல்லைத் தங்கள் நாட்டுரிமைக்குக் கொடியாகப் பிடித்த நாள் அது! முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரே தாழ்வாரத்தில் மூக்கும் நாக்கும் பழகியிராவிட்டால் அது நிகழ்ந்திருக்குமா?

எத்தகைய பழக்கம் பகையைக் கரைக்கும் என்பதை அமெரிக்க உளநூலறிஞர் கார்டன் ஆல்ப்போர்ட்டு 1954ஆம் ஆண்டிலேயே வகுத்துரைத்தார். பழகுவோர் ஒப்புநிலையினராய் இருத்தல் வேண்டும். பொது நோக்கம் வேண்டும். கூடி உழைத்தல் வேண்டும். சட்டமும் தலைவர்களும் அதற்குத் துணைநிற்றல் வேண்டும். 2006ஆம் ஆண்டு பெட்டிகுரூவும் திராப்பும் 515 ஆய்வுகளைத் தொகுத்து, பழக்கம் பொதுவாகவே பகையைக் குறைக்கிறது என்றும், ஆல்ப்போர்ட்டு சொன்ன நிலைமைகள் அமையின் மிகுதியாகக் குறைக்கிறது என்றும் காட்டினர். வீவக அடுக்ககத்தில் வீடு வாங்கியவனும் பக்கத்து வீட்டானும் ஒப்புநிலையினர். அதனாலேயே கறிக்காக ஒருவர்க்கொருவர் எழுந்தனர்.

அவ்வொப்புநிலைக்கு வெளியே நிற்போர் யார்? அவ்வடுக்ககங்களைக் கட்டிய கைகளே! தமிழகத்தின் ஊர்களினின்றும் வங்காளநாட்டினின்றும் கடன்பட்டுச் சென்று, கட்டுமானத்திலும் கப்பல் தளத்திலும் உழைக்கும் கூலித் தொழிலாளர்க்கு விழுக்காட்டு வரம்பும் இல்லை, ஒருங்கிணைப்பும் இல்லை. அவர்க்குத் தனிக் கொட்டடிகள். பெரும்பாலும் நகரின் ஓரங்களில். 2013ஆம் ஆண்டு திசம்பர் 8ஆம் நாள் சிராங்கூன் சாலையை ஒட்டிய பகுதியில், பேருந்து மோதித் தமிழ்த் தொழிலாளி ஒருவர் இறந்ததும் சில நூற்றுவர் கொதித்தெழுந்த பின்னரே பலர்க்கு அவர்கள் அங்கு வாழ்வது நினைவுக்கு வந்தது. 2020ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில் மூன்று இலக்கத்தை ஒட்டிய தொழிலாளர் அக்கொட்டடிகளில் நெருக்கமாய் அடைபட்டிருந்தனர். அவ்வாண்டு அந்நாட்டில் நோயுற்றோரில் மிகப் பெரும்பாலார் அவர்களே. வட்டார நிறைவு பற்றி வினவுவோர் அவர்தம் கதவைத் தட்டுவதில்லை. அவர்கள் வட்டாரத்தார் என்று எண்ணப்படவே இல்லை.

2008ஆம் ஆண்டு, சிராங்கூன் கார்டன்சு என்னும் தனிவீட்டுப் பகுதிக்கு அருகில், பயன்படாதிருந்த பள்ளிக் கட்டடத்தில் அயல்நாட்டுத் தொழிலாளரைக் குடியமர்த்த அரசு எண்ணியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட வீட்டார் கையொப்பமிட்டு வேண்டாமென்றனர். அவ்வீட்டாரில் சீனர் இருந்தனர், பிறரும் இருந்தனர். அங்கே இனம் பிளக்கவில்லை, கூலி பிளந்தது. அரசு தன் திட்டத்தைக் கைவிடவில்லை. தொழிலாளர் தொகையைக் குறைத்தது. அவர்கள் அப்பகுதித் தெருக்களின் வழியே நடந்து செல்லாதவாறு விடுதிக்கு வேறு பக்கமாகத் தனிச்சாலை ஒன்றை அமைத்துக் கொடுத்தது.